எண்ணுவதும் எடைபோடுவதும்

"அப்பா, இந்தப் படத்திற்கு என்னை அழைத்துச் செல்வீர்களா?"

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் இது மிக எளியதுபோல் தோன்றும். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லை எதன் அடிப்படையில் சொல்வது என்று சற்றே நின்று சிந்தித்தால், அறவாழ்வின் ஆழமான கேள்வி ஒன்று நம் எதிரே வந்து நிற்பதைக் காணலாம். நம் பொறுப்பில் இருக்கும் ஓர் இளம் உள்ளத்திற்குள் எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது? தடுக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? அனுமதிக்கும் துணிவு எங்கிருந்து வருகிறது?

இக்கேள்வி எல்லாச் சமயத்தார் இல்லங்களிலும் எழுவதே. எனினும், ஒரு குறிப்பிட்ட சூழலில் வைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மையான கனம் நமக்கு விளங்கும். ஆகவே அமெரிக்க நாட்டின் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றையும், ஓர் அறிவியல் புனைவுத் திரைப்படத்தையும் எடுத்துக்கொள்வோம்.

1999-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் 'தி மேட்ரிக்ஸ்' என்னும் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாயிற்று. கிறிஸ்தவர்களுக்கு அது புனித வாரத்தின் புதன்கிழமை. மறுநாள் பெரிய வியாழன். அதற்கடுத்த நாள் புனித வெள்ளி. ஏப்ரல் 4-ஆம் நாள் இயேசு உயிர்த்தெழுந்த திருநாள். ஒருபுறம் ஆலய மணி அழைக்கிறது. மறுபுறம் பள்ளித் தோழர்கள் எல்லோரும் பேசும் படம் அழைக்கிறது. பதினைந்து வயது மகன் ஒருவன் தன் தந்தையின் முன் வந்து நிற்கிறான். தந்தை இறைப்பற்று உள்ளவர். மகனிடம் அன்பு உள்ளவர். அவர் என்ன பதில் சொல்வார்? அந்தத் தந்தையை நம் மனக்கண்ணால் கண்டவாறே மேலே செல்வோம்.

சான்றிதழ் அவருக்கு உதவவில்லை. அந்நாட்டுத் திரைத்துறையின் தர அமைப்பு அப்படத்திற்கு 'ஆர்' என்னும் குறியீட்டை வழங்கியிருந்தது. 17 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரோ பொறுப்புள்ள பெரியவரோ உடன் வந்தால் மட்டுமே பார்க்கலாம் என்பது அதன் பொருள். அதாவது, 'நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்' என்று கூறிச் சான்றிதழ் விலகிக்கொண்டது. கேள்வி மீண்டும் தந்தையின் மடியிலேயே வந்து விழுந்தது.

பழைய கேள்வி

இந்தத் தந்தை தனியாக நிற்கவில்லை. அவருடைய சமய மரபு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக இக்கேள்வியோடு போராடி வந்திருக்கிறது.

2-ஆம் நூற்றாண்டு முடிந்து 3-ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துலியன் என்னும் கிறிஸ்தவ அறிஞர் வாழ்ந்தார். நாடக அரங்குகள், தேரோட்டப் பந்தயங்கள், மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்தும் களங்கள் ஆகியவற்றைப் பற்றி அவர் ஒரு தனி நூலே எழுதினார். 'காட்சிகளுக்குப் போகக் கூடாது என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது?' என்று அன்றைய கிறிஸ்தவர் சிலர் கேட்டனர். அக்கேள்விக்கு அந்நூலில் அவர் விடை கூறுகிறார். தீயோர் கூடும் இடத்தில் அமராதவனே பேறுபெற்றவன் என்று கூறும் முதலாம் சங்கீதமே போதிய சான்று என்பது அவர் கருத்து. அவருடைய தீர்ப்பு கடுமையானது: முற்றிலும் விலகி நில்.

இரு நூற்றாண்டுகள் கழித்து வந்த புனித அகஸ்டின், தடை விதிப்பதைவிட மனத்தை ஆராய்வதில் மிகுந்த நாட்டம் கொண்டவர். தம் 'அறிக்கைகள்' நூலில் நண்பர் அலிப்பியஸைப் பற்றி அவர் கூறும் நிகழ்ச்சி நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. அலிப்பியஸ் சட்டம் பயில ரோம் நகருக்குச் சென்றிருந்தார். வாள்வீரர்களின் கொலை விளையாட்டை அவர் அடியோடு வெறுத்தவர். ஒருநாள் நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக அக்களத்திற்கு இழுத்துச் சென்றனர். உடலை நீங்கள் இழுத்துச் செல்லலாம், உள்ளத்தை இழுக்க இயலாது என்னும் உறுதியோடு அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். களத்தில் ஒருவன் வீழ்ந்தான். கூட்டம் பேரொலி எழுப்பியது. கண்களை மூடியவர் காதுகளை மூடவில்லை! என்னதான் நடந்தது என்று அறியும் ஆவலில் கண்களைத் திறந்தார். அவ்வளவுதான். குருதியைக் கண்ட கணத்தில் அந்த வெறியையும் சேர்த்துப் பருகிவிட்டார். அதன்பின் அவரே விரும்பிச் சென்றார். பிறரையும் அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் அதிலிருந்து மீண்டு, ஆயராகவும் உயர்ந்தார் என்பது வேறு செய்தி.

அலிப்பியஸ் குழந்தை அல்லர், வளர்ந்த மனிதர், கற்றவர், நல்லொழுக்கம் உடையவர். கெட்டுப்போக வேண்டும் என்று அவர் அங்கே செல்லவும் இல்லை. தாம் எதையும் தாங்கவல்லவர் என்று அவர் கொண்டிருந்த நம்பிக்கையே அவரை வீழ்த்தியது. ஆகவே, 'பெரியவர்களுக்கு மட்டும்' என்னும் சான்றிதழ் பெரியவர்களைக் காப்பாற்றிவிடும் என்று நாம் கருத வேண்டியதில்லை.

20-ஆம் நூற்றாண்டில் களம் மாறித் திரை வந்தது. 1930-இல் அமெரிக்கத் திரைத்துறை ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை ஏற்றது. அதை வகுத்ததில் இயேசு சபைத் துறவி டேனியல் லார்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1936-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் திரைப்படங்களைக் குறித்தே ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். 1968-இல் பழைய விதித் தொகுப்பு கைவிடப்பட்டு, வயதுவாரியான தர அமைப்பு வந்தது. 1995-இல், திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி, வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், நற்பண்புகள், கலை என்னும் மூன்று பிரிவுகள் கொண்ட அப்பட்டியலில் நற்பண்புகள் பிரிவில் 'காந்தி' படமும், கலைப் பிரிவில் 'மெட்ரோபோலிஸ்', '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' ஆகிய இரு அறிவியல் புனைவுப் படங்களும் இடம்பெற்றன. முற்றிலும் விலகு என்று தொடங்கிய மரபு, தேர்ந்து கொள் என்னும் இடத்திற்கு வந்து சேர்ந்திருந்தது. தேர்ந்துகொள்வது விலகுவதைவிடக் கடினமானது. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா?

எண்ணும் முறை

அமெரிக்கக் கிறிஸ்தவப் பெற்றோர் பலர் இன்று கையாளும் அளவுகோலை 'எண்ணும் முறை' எனலாம். 'போக்கஸ் ஆன் தி பேமிலி' என்னும் அமைப்பின் 'பிளக்டு இன்' திரை விமர்சனங்கள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஒவ்வொரு படத்தையும் அவை பகுத்துக் காட்டுகின்றன: நற்கூறுகள் யாவை, ஆன்மிகச் செய்திகள் யாவை, பாலியல் காட்சிகள் உண்டா, வன்முறை எவ்வளவு, தகாத சொற்கள் எத்தனை, மது, போதைப்பொருள் உண்டா என்று தனித்தனித் தலைப்புகளில் விவரம் தருகின்றன. பெற்றோர் படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

இம்முறையை எள்ளி நகையாடுவோர் உண்டு. அது தவறு. வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர் எல்லாப் படங்களையும் முன்கூட்டியே பார்த்துவிட முடியாது. ஆறு வயதுக் குழந்தை இரவில் அலறி எழுமா என்பதை அறிய இத்தகைய விவரங்கள் பெரிதும் உதவும். இறைவனின் திருப்பெயரை வீணாகச் சொல்லலாகாது என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. அதை மதித்து வாழும் இல்லத்தில், இயேசுவின் பெயர் வசைச்சொல்லாக வழங்கும் படம் வருத்தம் தரவே செய்யும். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு.

ஆனால், எண்ணிக்கையால் எவ்வளவு தூரம் செல்ல முடியும்? 2004-ஆம் ஆண்டு, சாம்பல் புதன் அன்று, இயேசுவின் பாடுகளைச் சித்திரிக்கும் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' என்னும் படம் வெளியாயிற்று. அதற்கும் 'ஆர்' குறியீடே வழங்கப்பட்டது. சாட்டையடிகளும் ஆணிகளும் குருதியும் நிறைந்த படம் அது. எனினும் அமெரிக்கத் திருச்சபைகள் பல திரையரங்குகளை மொத்தமாகப் பதிவு செய்து மக்களைத் திரளாக அழைத்துச் சென்றன. குருதித் துளிகளை எண்ணினால் 'மேட்ரிக்ஸ்' படத்தைவிட இப்படமே மோசமானதாகத் தோன்றும். அப்படியானால் அந்தப் பெற்றோர் எண்ணிக்கைக்கு அப்பால் வேறொன்றையும் கருதினார்கள் என்பது தெளிவு. அந்த வன்முறை எதற்காகக் காட்டப்படுகிறது, பார்ப்பவன் யார் பக்கம் நிற்கிறான், அவன் உள்ளத்தில் எது விளைகிறது என்பதையே அவர்கள் கருதினார்கள். இதுவே எடைபோடுதல். எண்ணுவதற்கு விரல்கள் போதும். எடைபோடுவதற்கு விவேகம் வேண்டும்.

பெயர்களின் மயக்கம்

எண்ணும் முறைக்கு நேர் எதிரான மற்றொரு தவறும் உண்டு. புனிதமான பெயர்களைக் கேட்டவுடன் மயங்கிவிடுவதே அது.

'மேட்ரிக்ஸ்' படத்தின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். எதிர்காலத்தில் இயந்திரங்கள் மனிதர்களை அடிமைப்படுத்திவிட்டன. மனித உடல்கள் கூடுகளில் அடைக்கப்பட்டு, அவற்றிலிருந்து ஆற்றல் எடுக்கப்படுகிறது. அவர்களுடைய மனங்களோ, 1999-ஆம் ஆண்டின் நகர வாழ்க்கையைப் போன்ற கணினிக் கனவு ஒன்றில் மூழ்கிக் கிடக்கின்றன. உறங்குகிறோம் என்பதே உறங்குபவர்களுக்குத் தெரியாது. விழித்தெழுந்த சிலர் மட்டும் பூமியின் அடியில் போராடி வருகின்றனர். அவர்கள் எதிர்நோக்கியிருக்கும் மீட்பனாக நியோ என்னும் இளைஞன் வருகிறான்.

இக்கதையில் விவிலியப் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. எஞ்சிய மனிதர்கள் வாழும் நகரின் பெயர் சீயோன். நாயகியின் பெயர் திரித்துவத்தைக் குறிக்கும் 'டிரினிட்டி'. நியோவின் இயற்பெயர் தாமஸ் ஆண்டர்சன். ஐயமுற்ற தோமாவை முதற்பெயர் நினைவூட்டுகிறது. 'மனிதனின் மகன்' என்னும் பொருளைப் பின்பெயரில் காண்போரும் உண்டு. போராளிகளின் கலத்திற்குக் கனவு கண்ட பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் பெயர். அக்கலத்தின் தகட்டில் 'மார்க் 3, எண் 11' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. மாற்கு நற்செய்தியின் 3-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனத்தைத் திறந்து பார்த்தால், தீய ஆவிகள் இயேசுவின் முன் விழுந்து, அவரை இறைமகன் என்று அறிக்கையிடும் செய்தி அங்கே உள்ளது. முடிவில் நியோ இறக்கிறான்; மீண்டும் எழுகிறான். அதுவும் புனித வாரத்தில் வெளியான படத்தில்!

இவற்றைக் கண்ட கிறிஸ்தவர் சிலர், 'இது மறைமுகமான நற்செய்தியே. பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்' என்று மகிழ்ந்தனர். வேறு சிலர் மறுத்தனர். உலகம் ஒரு சிறை, அறிவு பெற்ற சிலரே தப்பிப்பர் என்னும் கருத்து, படைப்பைக் கண்டு நன்று என்று மகிழ்ந்த இறைவனைப் போற்றும் தம் சமயத்திற்கு ஏற்றதன்று என்றனர். இந்த வாதம் ஆழமானதுதான். ஆனால் பதினைந்து வயது மகனின் உள்ளத்தில் எது பதியும் என்று கவலைப்படும் தந்தைக்கு, இவ்விரு வாதங்களையும்விட நெருக்கமான ஒன்று அப்படத்தில் இருக்கிறது.

மல்குஸ் என்னும் பெயர்

படத்தின் பிற்பகுதியில் புகழ்பெற்ற ஒரு காட்சி வருகிறது. பிடிபட்டுவிட்ட தம் தலைவர் மார்பியஸை மீட்க நியோவும் டிரினிட்டியும் காவல் மிகுந்த ஒரு கட்டடத்திற்குள் நுழைகின்றனர். நீண்ட கறுப்பு மேலங்கியின் உள்ளே துப்பாக்கிகள். வாயிலில் நிற்கும் காவலர், உலோகப் பொருள்கள் இருந்தால் எடுத்து வைக்குமாறு தம் கடமைப்படி சொல்கிறார். அடுத்த நொடியில் அவர் வீழ்கிறார். அவரைத் தொடர்ந்து காவலர்களும் வீரர்களும் ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். விறுவிறுப்பான இசை ஒலிக்கிறது. பளிங்குத் தூண்கள் சிதறுகின்றன. எல்லாம் கண்ணைக் கவரும் அழகோடு நடந்து முடிகிறது. வீழ்ந்தவர்களுள் ஒருவருடைய முகத்தில்கூடப் படம் ஒரு கணம் நிற்பதில்லை.

அந்தக் காவலர்கள் யார்? படத்தின் கதைப்படி அவர்கள் எங்கோ கூட்டில் கிடந்து கனவு காணும் மனிதர்கள். நியோ யாரை விடுவிக்க வந்தானோ அவர்களேதான்! கனவில் இறப்பவர் உண்மையிலும் இறந்துவிடுவர் என்று மார்பியஸ் முன்னரே கூறியிருக்கிறார். விழித்தெழாதவர்கள் அந்த அமைப்பின் பகுதியே, ஆகவே அவர்களும் எதிரிகளே என்றும் அவர் பயிற்சியின்போது கற்பித்திருக்கிறார். உறங்குபவர்களை எழுப்ப வந்த மீட்பன், உறங்குபவர்களையே கொன்று குவிக்கிறான். பார்ப்பவர் கைதட்டுகிறார்.

இப்பொழுது, அந்தப் படம் வெளியான மறுநாளின் இரவை, பெரிய வியாழன் இரவை, நினைத்துப் பாருங்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவைக் கைது செய்ய ஆயுதங்களோடு ஒரு கூட்டம் வருகிறது. அங்கும் ஒரு தலைவர் பிடிபடுகிறார். அங்கும் மீட்க விரும்பும் சீடர்கள் இருக்கின்றனர். பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் வேலைக்காரன் ஒருவனுடைய காதை வெட்டிவிடுகிறார். இயேசுவோ வாளை உறையில் இடுமாறு சொல்கிறார். காயமுற்றவனின் காதைத் தொட்டுக் குணமாக்குகிறார் என்கிறது லூக்கா நற்செய்தி. யோவான் நற்செய்தி மற்றொன்றையும் செய்கிறது. எதிரிகளின் கூட்டத்தில் வந்த அந்தச் சாதாரண வேலைக்காரனின் பெயரை அது காத்து வைத்திருக்கிறது. அவன் பெயர் மல்குஸ்.

பளிங்குக் கூடத்தில் வீழ்ந்த காவலர்களுக்குப் பெயர் இல்லை. தோட்டத்தில் வெட்டுண்டவனுக்குப் பெயர் இருக்கிறது. ஒரு கிறிஸ்தவத் தந்தை எடைபோட வேண்டிய இடம் இதுவே. சீயோனும் டிரினிட்டியும் எத்தனை முறை ஒலித்தாலும், எதிரில் நிற்பவனும் ஒரு மனிதனே என்னும் உணர்வை அக்காட்சி மழுங்கச் செய்கிறது. எத்தனை தகாத சொற்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த தராசு, இதைக் கண்டுகொள்ளாமலே போயிருக்கக்கூடும். ஒரு வசைச்சொல்லுக்கு முகம் சுளித்த குடும்பம், நாற்பது மரணங்களை ரசித்து வீடு திரும்பினால், அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்வான்? அறம் என்பது நாவோடு முடிந்துவிடுகிறது என்றுதானே!

எவற்றைச் சிந்தையில் கொள்ள வேண்டும் என்று பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் புனித பவுல் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் தூய்மைக்கும் இனிமைக்கும் முன்பாக, முதலாவதாக நிற்பது உண்மை. வலியே இல்லாத மரணம் உண்மையன்று. அழுவதற்குத் தாயில்லாத பிணம் எந்தப் போர்க்களத்திலும் இல்லை. வன்முறையைக் காட்டுவது ஒன்று. அதன் விலையை மறைத்துக் காட்டுவது வேறொன்று. முன்னது சில வேளைகளில் மனிதனைத் தெளிவிக்கும். பின்னது எப்போதும் மயக்கும்.

படம் வெளியாகி மூன்று வாரங்கள்கூட நிறைவு பெறாத நிலையில், ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் துப்பாக்கிகளோடு நுழைந்து 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றனர். பின்னர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். கறுப்பு மேலங்கிகளைக் கண்ட பலர் இந்தப் படத்தின்மீது பழி சுமத்தினர். நாம் நியாயமாகப் பேச வேண்டும்: அவ்விருவரும் படம் வெளியாவதற்கு நெடுநாள் முன்பே திட்டமிடத் தொடங்கிவிட்டனர் என்பது விசாரணையில் தெரியவந்தது. ஆகவே படத்தைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஒரு படம் ஒருவனைக் கொலைகாரனாக்கிவிடும் என்பது நம் வாதமும் அன்று. கொலைகாரனாகாத கோடிக்கணக்கானோரின் உள்ளத்தில் இரக்கத்தின் கூர்மை சற்றே தேய்கிறதா என்பதே நாம் கேட்பது. அலிப்பியஸ் யாரையும் கொல்லவில்லை. கண்களால் பருகினார், அவ்வளவே.

மற்றொரு தட்டு

தராசு என்றால் இரு தட்டுகள் உண்டு. குறையை மட்டும் வைத்தால் அது எடைபோடுதல் ஆகாது.

இதே படத்தில் சைபர் என்னும் பாத்திரம் வருகிறான். விழித்தெழுந்த வாழ்வின் துன்பங்கள் அவனுக்குச் சலித்துவிடுகின்றன. எதிரியோடு உணவு விடுதியில் அமர்ந்து சுவையான இறைச்சித் துண்டு ஒன்றை உண்கிறான். அது வெறும் தோற்றம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அதை விரும்புகிறான். எல்லாவற்றையும் மறந்து மீண்டும் அந்த இனிய பொய்யில் உறங்க வேண்டும் என்று கேட்டுத் தோழர்களைக் காட்டிக்கொடுக்கிறான். பன்னிரு சீடரோடு அமர்ந்து உண்டு, வெள்ளிக் காசுக்கு விலைபோன யூதாசை அறிந்த இல்லத்தில் இக்காட்சி நெடுநேரம் பேசத் தக்கது. இனிக்கும் பொய், கசக்கும் உண்மை இரண்டில் எதை நீ தேர்வாய் என்று ஒரு தந்தை தன் மகனைக் கேட்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

இளைஞனைக் காக்க மார்பியஸ் தன்னையே எதிரியிடம் ஒப்படைக்கிறார். அவரைக் காக்க அந்த இளைஞன் உயிரைப் பணயம் வைக்கிறான். இவையும் நல்ல தட்டில் வைக்க வேண்டியவையே. 2003-இல் வந்த மூன்றாம் படத்தின் முடிவில், நியோ பகைவனை அடித்து வெல்வதை விட்டுவிட்டுத் தன்னையே கையளிக்கிறான். அதன் பின்னரே போர் நிற்கிறது, இரு தரப்பாருக்கும் அமைதி வாய்க்கிறது. துப்பாக்கிகளால் பெற முடியாதது தியாகத்தால் கிடைக்கிறது. முதற்படத்தின் பளிங்குக் கூடத்திற்குக் கதை தானே கூறிக்கொண்ட மறுமொழி என்று இதனைக் கொள்ளலாம்.

தந்தை என்ன சொன்னார்?

இனி அந்தத் தந்தையிடம் திரும்புவோம். அவருக்குத் துணை செய்யும் ஓர் அறிவுரை அவருடைய வேதத்திலேயே இருக்கிறது. கொரிந்து நகரின் கிறிஸ்தவர்களிடையே ஒரு சிக்கல் எழுந்தது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா? 'சிலை என்பது ஒன்றுமில்லை, ஆகவே உண்ணலாம்' என்றனர் அறிவில் தெளிந்தோர். மனம் கலங்கினர் மற்றோர். புனித பவுல் தெளிந்தோரின் அறிவை மறுக்கவில்லை. ஆனால் உன் உரிமை உன் சகோதரனுக்கு இடறலாகுமானால் அதை விட்டுவிடு என்றார். தாமும் அப்படியே செய்வதாக உறுதி கூறினார். எல்லாம் செய்ய உரிமை உண்டு, எல்லாமே நன்மை பயப்பதில்லை என்பது அவர் காட்டிய நெறி.

இந்நெறியின்படி, 'இப்படம் நல்லதா?' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'யாருக்கு, எப்பொழுது, யாருடைய துணையோடு?' என்று கேட்பதே பொருத்தம். எட்டு வயது மகளுக்கு 'வேண்டாம்' என்பதே விடை. அதில் தயக்கம் தேவையில்லை. பதினைந்து வயது மகனுக்கு விடை வேறாக இருக்கலாம். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அவன் தானே சென்று பார்க்கப் போகிறவன். அப்பொழுது அவனோடு இருக்கப் போவது தந்தையின் தடையா, தந்தை கற்பித்த கண்ணா?

ஆகவே அந்தத் தந்தை இப்படிச் செய்யலாம். முதலில் தாம் மட்டும் சென்று பார்க்கலாம். பார்க்கும்பொழுது திரையோடு தம் உள்ளத்தையும் கவனிக்கலாம். பளிங்குக் கூடத்தில் தம் உள்ளம் துள்ளியதா? துள்ளியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். அலிப்பியஸ் தமக்குள்ளும் இருக்கிறார் என்று அறிந்துகொள்ளலாம். பிறகு மகனிடம், "இந்த வாரம் நாம் ஆலயத்திற்குச் செல்வோம். திருநாள் முடியட்டும். அதன்பின் நான் உன்னோடு வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: வீடு திரும்பியதும் நான் கேட்கும் ஒரு கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டும்" என்று கூறலாம். அந்தக் கேள்வி இதுதான்: "வாயிலில் நின்ற அந்தக் காவலரின் பெயர் என்னவாக இருக்கும்?"

மகன் சிரிக்கலாம், பிறகு மௌனமாகலாம். அந்த மௌனம் நூறு தடைகளைவிட அவனை நன்கு காக்கும். அண்டை வீட்டார் தம் பிள்ளையை அனுப்ப மறுத்தால், அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று இகழாமல் இருப்பதும், அவர்கள் பிள்ளையின் முன் இப்படத்தைப் பெருமையடித்துக்கொள்ளாமல் இருப்பதும் அந்தப் பாடத்தின் மற்றொரு பகுதி.

நம் தட்டில் என்ன இருக்கிறது?

பிறர் இல்லத்துக் கேள்வியை இவ்வளவு நேரம் ஆராய்ந்தோம். அன்பர்களே, நம் இல்லத்தையும் ஒருகணம் நோக்க வேண்டாமா?

மூன்றாம் படத்தின் இறுதிப் போர்க் காட்சியில் உபநிடத மந்திரம் வடமொழியிலேயே சேர்ந்திசையாக ஒலிக்கிறது. பொய்ம்மையிலிருந்து மெய்ம்மைக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டும் பிருகதாரண்யகத்தின் வேண்டுதலே அது. அதைக் கேட்டு நம்மவர் பலர் பெருமிதம் கொண்டனர். 'இப்படம் மாயையைப் பற்றிய நம் வேதாந்தமே' என்று பேசினர். சீயோன் என்ற பெயரைக் கேட்டு மகிழ்ந்தவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? நம் மந்திரம் ஒலிப்பதாலேயே ஒரு காட்சி தூயதாகிவிடாது. நம் மந்திரம் ஒலிக்காததாலேயே ஒரு காட்சி தீயதாகிவிடாது.

உணவு தூயதானால் உள்ளம் தூயதாகும் என்று சாந்தோக்கிய உபநிடதம் கூறுகிறது. அங்கே உணவு என்பதற்கு, ஐம்புலன்களின் வழியே நாம் உள்வாங்கும் அனைத்தும் என்று பொருள் விரிக்கிறார் ஆதிசங்கரர். வாய்க்குள் செல்லும் உணவில் நாம் காட்டும் ஆசாரத்தைக் கண்வழிச் செல்லும் உணவில் காட்டுகிறோமா? மாலை விளக்கேற்றிய கூடத்திலேயே, பெயரில்லாத மனிதர்கள் வரிசையாகச் சாவதைப் பார்த்துக்கொண்டு நாமும் உணவருந்துகிறோமே!

நம் நாட்டிலும் தணிக்கை வாரியம் உண்டு, சான்றிதழ்கள் உண்டு. 2023-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 7, 13, 16 என்னும் வயதுப் பிரிவுகளையும் கொண்டு வந்திருக்கிறது. அவை பயனுள்ளவை, பயன்படுத்திக்கொள்வோம். ஆனால் சான்றிதழ் வாயிலோடு நின்றுவிடும். உள்ளே, இருட்டில், பிள்ளையின் அருகில் அமர்ந்திருப்பது நாம்தான். எண்ணிக்கையைப் பிறர் நமக்காகச் செய்து தரலாம். எடைபோடுவதை நாமேதான் செய்ய வேண்டும்.

அடுத்த முறை நம் பிள்ளை வந்து, "இந்தப் படத்திற்குப் போகலாமா?" என்று கேட்கும்பொழுது, 'ஆம்', 'இல்லை' என்று சொல்வதற்கு முன் ஒன்றைச் செய்வோம். அவனை அருகில் அமர்த்திக்கொள்வோம். வீழ்ந்து கிடப்பவன் எவனாயினும் அவனுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அறிந்த கண்களை அவனுக்குத் தருவோம். அந்தக் கண்களோடு அவன் எங்கு சென்றாலும் வழி தவற மாட்டான்.